நான்கு வருடம் பாம் ஷெல்டரில் இருந்த சுருட்டு: பழுத்திருக்கிறதா, கெட்டுவிட்டதா?

ஈசூன் குமரன்
16 மார்ச், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மகளோடு இருக்க பெர்த்துக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு பெட்டி பார்த்தகாஸ் டி4 என்ற கியூபாச் சுருட்டை என் கையில் கொடுத்து, "இது இன்னும் இளசு. நாலைந்து வருடம் போகட்டும். நான் வரும்போது சேர்ந்து பிடிப்போம்" என்றார். பெட்டியின் அடியில் 2019 மார்ச் என்று முத்திரை இருக்கிறது. 25இல் ஆறு முடிந்திருந்தது, 19 என்னிடம் வந்தது.

பத்திரமாக இருக்கட்டும் என்று பாம் ஷெல்டரில், அதாவது நம் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பு அறையில், மேல் தட்டில் வைத்தேன். இருட்டு, கனத்த இரும்புக் கதவு, பிள்ளைகள் கை படாது. அரிசி மூட்டை, பழைய பெயின்ட் டின், சாமிக்கு வாங்கிய ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாமும் அங்கேதான்.

போன வாரம் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். இழுக்கவே வரவில்லை. ஐந்து தடவை அணைந்துவிட்டது. முதலில் ஆறிப்போன கடுந்தேநீர் போலத் துவர்ப்பு, அப்புறம் நாக்கின் அடியில் நின்றுவிட்ட கசப்பு. பாதி போவதற்குள் மேல் இலை நீளவாக்கில் வெடித்தது. இதே பெட்டியிலிருந்து 2020இல் மாமா ஒன்று கொடுத்தார். அப்போது மிளகுக் காரமும் வறுத்த காப்பிக்கொட்டை மணமுமாக இருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

பயந்துபோய் ஒரு மின்னணு ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். 78 விழுக்காடு, 30.5 டிகிரி. இரண்டு சுருட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள். நண்பர் ஒருவர் அது நன்றாகப் பழுத்ததன் அடையாளம் என்கிறார், இன்னொருவர் பூசணம் என்கிறார்.

மாமா தீபாவளிக்கு வருகிறார். ஏழு மாதம் இருக்கிறது. இவற்றை மீட்க முடியுமா?

ஜூரோங் நாதன்
16 மார்ச், இரவு 11:20

கவலைப்படாதீர்கள் தம்பி. நல்ல மரத்தில் ஹியூமிடோர் (ஈரம் காக்கும் சுருட்டுப் பெட்டி) ஒன்று வாங்குங்கள். உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, ஸ்பாஞ்சை நனைத்து மூடியில் மாட்டுங்கள். 70 விழுக்காடு ஈரம், 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ். எல்லாக் கையேட்டிலும் இதுதான். நான் 20 வருடமாகச் சுருட்டு பிடிக்கிறேன்.

அளவுகோல்
17 மார்ச், காலை 7:05

குமரன், எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் மீட்டரைச் சோதியுங்கள். அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். கடையில் வாங்கும் சின்ன மீட்டர்கள் மூன்று நான்கு புள்ளி தவறாகக் காட்டுவது மிகச் சாதாரணம்.

பாட்டில் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈரமணல் போல நிற்க வேண்டும். அதையும் மீட்டரையும் ஒரே சிப்லாக் பைக்குள் போட்டு, காற்றுப் புகாமல் மூடி ஒரு நாள் விடுங்கள். பைக்குள் இருக்கும் காற்று 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். அறை 20 டிகிரியோ 30 டிகிரியோ, இந்த 75 அநேகமாக மாறாது. மீட்டர் என்ன காட்டுகிறதோ, அதற்கும் 75க்கும் உள்ள வித்தியாசத்தை டேப் ஒட்டி அதன் முதுகிலேயே எழுதிவையுங்கள்.

நாதன் அண்ணே, நீங்கள் சொன்ன 70க்கு 70 தப்பில்லை. ஆனால் அந்தக் கையேடுகள் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடுகளுக்கு எழுதியவை. அங்கே சுருட்டு காய்ந்துபோகும், அதனால் பெட்டிக்கு நீர் ஊட்டச் சொல்கிறார்கள். நமக்கு நேர்மாறு. நம் வீட்டில் வெளியே கிடக்கும் மரத்துண்டு ஏற்கெனவே 80 விழுக்காட்டுக் காற்றைக் குடித்து நிற்கிறது, அதை ஈரத்துணியால் துடைக்க என்ன தேவை? இங்கே பெட்டியிலிருந்து நீரை எடுப்பதுதான் வேலை.

ஒரு கணக்கு சொல்கிறேன். 30 டிகிரியில் 80 விழுக்காடு என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்றை 18 டிகிரிக்குக் குளிர வைத்தால் 15 கிராம்தான் தாங்கும். மீதி ஒன்பது கிராமும் தண்ணீராக எதன் மேலாவது படியும். ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கி அதில் சுருட்டை அப்படியே அடுக்கியவர்கள் படும் பாடு இதனால்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகிறது. சுருட்டு காற்றுப்புகாத டப்பாவுக்குள் இருக்க வேண்டும், டப்பா ஃபிரிட்ஜுக்குள் இருக்க வேண்டும். ஈரத்தை டப்பா பார்த்துக்கொள்ளும், சூட்டை ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்காதீர்கள்.

உங்கள் சுருட்டு ஏன் கசந்தது என்று கேட்டால்: இந்தப் பதத்தில் இருக்க வேண்டிய புகையிலையின் எடையில் ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோ நீர். 65 முதல் 69 விழுக்காட்டுக் காற்றில் வைத்தால் அந்த அளவில் நிற்கும். பாம் ஷெல்டர் ஈரத்தில் அதற்கு மேல் ஏறிவிடும். நெருப்பின் சூடு முதலில் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. நெருப்பு மந்தமாக எரிகிறது, இலை சரியாக எரியாமல் புகைகிறது, அந்தப் புகை கசக்கிறது. உள் இலைகள் உப்பிவிட்டதால் இழுக்கவும் வழியில்லை. பற்றவைத்ததும் உள்ளே சூடேறி விரியும்போது மெல்லிய மேல் இலை தாங்காமல் வெடிக்கிறது. நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறுக்கும் ஈரம் ஒன்றே போதும். பழுத்ததா இல்லையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

வடமராட்சிப் பேத்தி
17 மார்ச், மாலை 6:30

தம்பி குமரன், நான் சுருட்டுப் பிடித்தவள் இல்லை, சுருட்டுக்குள் வளர்ந்தவள். என் அம்மப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். தோ பாயோவுக்கு வந்து 40 வருடத்துக்கு மேலாகிறது, அந்த வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

எங்கள் இலையைப் போறணையில், அதுதான் சூளையில், அடுக்கித் தென்னம் பொச்சு (தேங்காய் மட்டை) புகை போடுவார்கள். பிறகு கோடா என்ற சாறு போடுவார்கள். உங்கள் கியூபாச் சுருட்டு அப்படி இல்லை, தெரியும். ஆனால் இலைக்குள்ள குணம் ஒன்றுதான்.

அம்மப்பா விடியப்புறம் எழும்பி இலைக்கட்டுகளைப் பனியில் எடுத்து வைப்பார். காய்ந்த இலையைத் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். பனி குடித்த இலை வேட்டித்துணி போல மடியும். ஒரு இலையை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, காதுக்குப் பக்கத்தில் மெல்ல உருட்டுவார். சரசர என்றால் இன்னும் வைக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பனி கூடிவிட்டது, உடனே உள்ளே எடு என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சத்தம் இருக்கிறது, பட்டுப்புடவையை மடிக்கும்போது வருமே, அது. அதைத்தான் பதம் என்பார்.

சுருட்டி முடித்ததை விற்காமல் சில கட்டுகளை வீட்டுப் பரணில் போட்டு வைப்பார். அது வேறு வேலை. காட்டம் அடங்க வேண்டும் என்பார். பதம் வேறு, பழுத்தல் வேறு. பதம் ஒரு இரவில் கெடும், சில நாளில் திரும்பவும் வரும். பழுத்தல் மாதக்கணக்கு, வருடக்கணக்கு. பதம் கெட்ட சுருட்டைப் பிடித்துவிட்டு அது பழுக்கவில்லை என்று சொன்னால் அம்மப்பாவுக்குக் கோபம் வரும்.

தேக்கா மணி
17 மார்ச், இரவு 9:15

அக்கா சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

குமரன், வெள்ளைப் புள்ளிக்கு வருகிறேன். பழுத்த சுருட்டில் எண்ணெய் மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும் என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்தவற்றில் அப்படிச் சொல்லப்பட்டவை எல்லாமே பூசணம்தான். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பஞ்சு போல நின்றால், வட்ட வட்டமாக இருந்தால், துடைத்த இடத்தில் கறை தெரிந்தால் பூசணம். மேல் இலையில் மட்டும் என்றால் சிலர் துடைத்துவிட்டுப் பிடிப்பார்கள், நான் மாட்டேன். பற்றவைக்கும் முனையில், வெட்டுவாயில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அதைவிட எனக்கு உங்கள் 30.5 டிகிரிதான் பயமாக இருக்கிறது. புகையிலை வண்டுக்கு அதைவிடச் சொகுசான இடம் கிடையாது. மல்லி மூட்டையிலும் மிளகாய் வற்றலிலும் வருமே, செம்பழுப்பு நிறத்தில் கடுகைவிடச் சற்றே பெரிதாக, அதே வண்டுதான். இலையிலேயே முட்டை இருக்கும். குளிர்ச்சியாக வைத்திருந்தால் பொரிப்பது தள்ளிப்போகும். 30 டிகிரியில் ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து, புழு உள்ளே குடைய ஆரம்பித்துவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். ஆறு வருடம் முன்பு ஒரு தனி வியாபாரியிடம் ஒரு கட்டு வாங்கினேன். படுக்கையறையில், ஏர்கான் இரவில் மட்டும் ஓடும், பிளாஸ்டிக் டப்பாவில் மற்ற சுருட்டுகளோடு சேர்த்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் டப்பா அடியில் காப்பித்தூள் போல மாவு. ஒரு சுருட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், குண்டூசியால் குத்தியது போல வட்டமான ஓட்டைகள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்திருக்கிறது. 40க்கு மேல் போயிற்று. பணத்தைவிட, அதில் என் தம்பி கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த ஆறும் போனதுதான் இன்றைக்கும் வருத்தம்.

அதனால் எது வந்தாலும் முதலில் உறைபெட்டி. இரண்டு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ஒரு நாள் சாதாரண ஃபிரிட்ஜில், அப்புறம் உறைபெட்டியில் ஐந்து நாள், திரும்பவும் ஒரு நாள் ஃபிரிட்ஜில், பிறகு வெளியே. பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் உங்களுடையதை இப்போதே உறைய வைக்காதீர்கள். அவ்வளவு ஈரத்தோடு உறைந்தால் மேல் இலை வெடித்துவிடும். முதலில் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஈசூன் குமரன்
19 மார்ச், இரவு 9:50

உப்புச் சோதனை முடிந்தது. என் மீட்டர் 71 காட்டியது. நான்கு புள்ளி குறைவு. அப்படியென்றால் பாம் ஷெல்டரில் இருந்தது 82! நான்கு வருடம்!

கேமராவில் பார்த்தேன். இரண்டும் பூசணம்தான், ஒன்றில் வெட்டுவாயில் பச்சை. இரண்டையும் போட்டுவிட்டேன். மீதி 16. ஓட்டை எதிலும் இல்லை, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். சுருட்டை முகர்ந்தால் புகையிலைக்கு முன்னால் ஊதுபத்தி வாசம்தான் வருகிறது. மாமா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

ஜூரோங் நாதன்
19 மார்ச், இரவு 10:31

82 என்றால் சரி, நீரை எடுக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்கு 70 தான். 62, 65 என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் காயவைத்து எடுக்கிறார்கள். இலையின் எண்ணெய் போய்விடும். பத்து வருடம் வைக்க நினைப்பவன் 65இல் வைத்தால் கடைசியில் வைக்கோலைத்தான் பிடிப்பான்.

அளவுகோல்
20 மார்ச், காலை 6:58

எண்ணெய் போவது ஈரத்தால் அல்ல அண்ணே, பெரும்பாலும் சூட்டாலும் காற்றோட்டத்தாலும்தான். 65இல் நன்றாக மூடிய டப்பா, 75இல் ஓட்டை விழுந்த பெட்டியைவிட மணத்தைக் காக்கும். 50க்குக் கீழே போய் நொறுங்கிய சுருட்டு வேறு. அது சூடாக, வேகமாக எரிந்து நாக்கைச் சுடும். அதைப் பிறகு பதமாக்கலாம், போன மணம் வராது. அதில் நீங்கள் சொல்வது சரி.

வாதம் எதற்கு, குமரனிடம் 16 இருக்கிறது. ஒரே பெட்டி, ஒரே மாதத்துச் சுருட்டு. இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? மூன்று டப்பா, 62, 65, 69 போவெடா பொட்டலம் (காற்றின் ஈரத்தை அந்த விழுக்காட்டிலேயே நிறுத்தும் சின்னப் பை) ஒவ்வொன்றில் ஒன்று. ஒரு சுருட்டை மட்டும் பாம் ஷெல்டரிலேயே விடுங்கள், ஒப்பிட.

இரண்டு விஷயம். 82இலிருந்து நேரே 62க்குக் கொண்டுபோகாதீர்கள், மேல் இலை உள் இலையைவிட முன்னால் சுருங்கி வெடிக்கும். முதலில் எல்லாமே 72இல் மூன்று வாரம். அப்புறம், பொட்டலம் குடிக்கும் அளவுக்கு எல்லை உண்டு. குளிர்நாட்டில் அது காய்ந்து கல்லாகும், இங்கே அது நீரைக் குடித்துத் தலையணை போல உப்பும். உப்பினால் மாற்றுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம், நகை நிறுக்கும் சின்னத் தராசு வாங்கி வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை நின்றால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தேக்கா மணி
20 மார்ச், பகல் 1:12

டப்பாவுக்குள் ஒரு பலகைத்துண்டு வையுங்கள், சுருட்டுப் பெட்டியின் உட்பலகையே போதும். ஸ்பானிஷ் சீடர் என்று பெயர்தான், உண்மையில் சீடர் இல்லை, நம் வேம்பும் மகோகனியும் இருக்கும் குடும்பம். அதன் மணம் சுருட்டோடு ஒத்துப்போகும். உங்கள் பெட்டிப் பலகை சாம்பிராணியைக் குடித்திருந்தால் அதை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

புதிய உறுப்பினர்
20 மார்ச், மாலை 4:40

மீதி சுருட்டு விற்பதாக இருந்தால் எனக்கு எழுதவும். என்னிடமும் சில பெட்டி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.

நெறியாளர்
20 மார்ச், மாலை 5:05

இங்கே விற்பனை வேண்டாம். உரிமம் இல்லாமல் புகையிலை விற்பது சிங்கப்பூரில் குற்றம். 21 வயது நிரம்பாதவர்கள் இந்தப் பகுதியில் எழுத வேண்டாம். உரையாடல் நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

உட்லண்ட்ஸ் ரஃபீக்
22 மார்ச், இரவு 8:20

பழுத்தல் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலை விஷயமாகக் கிழக்கு ஜாவாவில் ஜெம்பர் பக்கம் போனபோது புகையிலைக் கிடங்கு ஒன்றைக் காட்டினார்கள். இலைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். நெருப்பே இல்லை, ஆனால் நடுவில் கையை விட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம், அவ்வளவு சூடு. நடுவில் ஒரு வெப்பமானி சொருகியிருக்கிறது. சூடு அளவு தாண்டினால் அடுக்கைக் கலைத்து உள்ளிலையை வெளியிலும் வெளியிலையை உள்ளிலும் மாற்றி அடுக்குகிறார்கள். கலைக்கும்போது கிளம்பும் நெடி இருக்கிறதே, கண் எரிந்து வெளியே ஓடி வந்துவிட்டேன். அமோனியா.

அந்த நொதித்தல் சுருட்டிய பிறகும் மெதுவாகத் தொடர்கிறது என்று அங்கே ஒரு பெரியவர் விளக்கினார். புதிய சுருட்டில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். முதல் சில மாதம் அது வெளியேற வேண்டும். அதற்கப்புறம் காட்டம் மெல்ல அடங்கும், துவர்ப்பு உருண்டு மென்மையாகும், தனித்தனியாக நின்ற மணங்கள் ஒன்றோடொன்று சேரும். இல்லாத மணத்தைக் காலம் கொண்டுவராது.

இன்னொன்று, இந்த உரையாடலுக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். 1863இல் நீன்ஹவுஸ் என்ற டச்சுக்காரர் சுமத்ராவின் தெலியில் புகையிலை போட ஆரம்பித்தார். அந்த இலை உலகத்தின் விலை உயர்ந்த மேல் இலைகளில் ஒன்றானது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். அங்கே மேடான் நகரில் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதியே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்வதும் நம் 'சுருட்டு'தான். சுருட்டு நமக்கு அந்நியப் பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வடமராட்சிப் பேத்தி
22 மார்ச், இரவு 9:02

நன்றி ரஃபீக் தம்பி. அந்த நெடிக்கு எங்கள் வீட்டில் பெரிய கதவைத் திறந்து வைப்பார்கள்.

ஜூரோங் நாதன்
23 மார்ச், காலை 10:15

அப்படியென்றால் எதை எத்தனை வருடம் வைக்கலாம்? என்னிடம் நிகராகுவா, டொமினிகன் எல்லாம் இருக்கிறது.

தேக்கா மணி
23 மார்ச், பகல் 12:44

நாதன் அண்ணே, என் அனுபவம் இது. நிகராகுவா, டொமினிகன் நிறுவனங்களில் பல, இலையையே சில வருடம் கிடங்கில் வைத்துப் பழுக்கவிட்டுத்தான் சுருட்டுகின்றன. சுருட்டிய பிறகும் சீடர் அறையில் ஓய்வு கொடுத்து அனுப்புகின்றன. அதனால் கப்பல் ஏறி வந்த அலுப்பு தீர ஒரு மாதம், பதம் நிற்க இன்னொரு மாதம், போதும். கனெக்டிகட் மேல் இலை போட்ட வெளிர்நிறச் சுருட்டை மூன்று நான்கு வருடம் வைத்து நான் பார்த்திருக்கிறேன், பல் இல்லாத சுருட்டாகிவிட்டது. மென்மையாக இருந்ததை இன்னும் மென்மையாக்கி என்ன பயன்? செடியின் உச்சியில் வெயில் குடித்து வளரும் லிஹெரோ இலை அதிகம் போட்டவை, உடம்பு கொண்டவை, அவைதான் காலம் தாங்கும். கியூபாச் சுருட்டு பல நேரம் இளசாகவே வந்துவிடும், அதற்கு இரண்டு முதல் ஐந்து வருடம் நல்லது. குமரனின் மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு சுருட்டின் விலையையும் யோசிக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் புகையிலை மீதான தீர்வை கிலோவுக்கு 491 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆயிற்று. டி4 அளவுச் சுருட்டு ஒன்றுக்கே ஐந்து வெள்ளிக்கு மேல் தீர்வை, அதற்கு மேல் பொருள் சேவை வரி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் புகையிலைக்குச் சலுகை கிடையாது, ஒன்றானாலும் சொல்லிக் கட்ட வேண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கியதைக் காத்து வைக்க முப்பது வெள்ளி செலவழிக்க மாட்டேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஈசூன் குமரன்
13 ஜூலை, இரவு 11:08

மன்னியுங்கள், நீண்ட நாளாயிற்று. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மார்ச் கடைசியில் 15 சுருட்டை 72 பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டேன். முதல் பொட்டலம் நான்கே நாளில் உப்பிவிட்டது, இரண்டாவது ஒன்பது நாள் தாங்கியது. மூன்று வாரம் கழித்து மணி அண்ணன் சொன்னபடி உறைபெட்டி. ஒன்று கூட வெடிக்கவில்லை. அதன் பிறகு ஐந்து ஐந்தாக 62, 65, 69. கேரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் ஒருவர் வீடு மாறுகிறார் என்று பழைய ஒயின் ஃபிரிட்ஜ் விற்றார், 18 டிகிரியில் வைத்து மூன்று டப்பாவையும் உள்ளே அடுக்கினேன்.

ஒரு சுருட்டில் நூல் கட்டி அடையாளம் வைத்து நிறுத்தேன். தொடக்கத்தில் 12.1 கிராம். 65 டப்பாவில் ஐந்தாவது வாரம் 11.5இல் வந்து நின்றது. ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்குத் தண்ணீர்தான் போயிருக்கிறது. அதற்கா இத்தனை பாடு என்று இருந்தது.

நேற்றும் அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமையும் ஒவ்வொரு டப்பாவிலிருந்து ஒன்று பிடித்தேன். அதே நேரம், அதே சர்க்கரையில்லாத கோப்பி.

69: இழுவை வந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் இறுக்கம். இரண்டு தடவை மீண்டும் பற்றவைத்தேன். கடைசிப் பகுதியில் கசப்பு எட்டிப்பார்த்தது.

62: எரிந்த விதம் அழகு. சாம்பல் வெள்ளையாக ஒரு அங்குலத்துக்கு மேல் நின்றது. சுவைதான் கொஞ்சம் மெலிவு, சீக்கிரம் முடிந்துவிட்டது.

65: இரண்டாவது இழுப்பில் மிளகு திரும்பி வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் மரம், லேசான இனிப்பு. காப்பிக்கொட்டை மணம் முன்பு இருந்த அளவு இல்லை. தேடினால் இருக்கிறது.

பாம் ஷெல்டரில் விட்ட ஒன்றையும் பற்றவைத்தேன். மார்ச்சில் எழுதியதையே திரும்ப எழுதலாம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஊதுபத்தி வாசம் எல்லாவற்றிலும் முதல் இரண்டு மூன்று இழுப்பில் கொஞ்சம் இருக்கிறது. அது போகுமா?

அளவுகோல்
14 ஜூலை, காலை 7:11

இவ்வளவு ஒழுங்காகச் செய்ததற்கு என் மனமார்ந்த பாராட்டு. வாசம் முழுக்கப் போகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டப்பாவை ஏர்கான் ஓடும் அறையில் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், கொஞ்சம் குறையும். ஏர்கான் அறையில் மட்டும். சமையலறையில் வேண்டாம்.

ஜூரோங் நாதன்
14 ஜூலை, இரவு 9:40

தம்பி, நானும் மார்ச்சிலேயே உப்புச் சோதனை செய்து பார்த்தேன். என் மரப்பெட்டியில் இருந்த மீட்டர் ஆறு புள்ளி குறைவாகக் காட்டியது. 70 என்று நம்பி 76இல் பிடித்திருக்கிறேன், இத்தனை வருடமும். 69 பொட்டலத்துக்கு மாறி மூன்று மாதமாகிறது. எனக்கு 69 பிடித்திருக்கிறது, 65க்கு வர மாட்டேன். ஆனால் நனைத்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டேன்.

ஈசூன் குமரன்
26 அக்டோபர், இரவு 10:30

மாமா வந்தார். தீபாவளிக்கு மறுநாள், சிராங்கூன் கார்டனில் நண்பரின் தரைவீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். நடந்ததை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன், பாம் ஷெல்டர், 82, பூசணம், எல்லாம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. 65 டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார், காதருகில் வைத்து விரலால் மெல்ல உருட்டினார். பேத்தி அக்கா எழுதியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். கப்பலில் ஒரு யாழ்ப்பாணத்துப் பொறியாளர் இருந்தாராம்.

முக்கால் மணி நேரம் பிடித்தார். ஒருமுறை கூட அணையவில்லை. முடிவில், "புகை மூட்டிப் பழுக்க வைத்த வாழைத்தார் மாதிரி இருக்கிறது. மஞ்சள் வந்துவிட்டது, மரத்திலேயே பழுத்த இனிப்பு இல்லை. சூடு அவசரப்படுத்திவிட்டது. ஆனால் இது நல்ல சுருட்டுதான்டா, பிடிக்க முடிகிற சுருட்டு" என்றார். சாம்பிராணி வாசத்தைப் பற்றிக் கேட்டேன். முதல் இழுப்பிலேயே தெரிந்ததாம். உன் அம்மா பூசையறை ஞாபகம் வந்தது என்றார்.

நானும் ஒன்று பிடித்தேன், இன்னும் பத்து இருக்கிறது. எல்லாவற்றையும் 65க்கு மாற்றிவிட்டோம். டப்பா மூடியின் உள்பக்கத்தில் மாமா பென்சிலால் '65, 18 டிகிரி' என்று எழுதி, கீழே அடுத்த முறை வரப்போகும் மாதத்தையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வடமராட்சிப் பேத்தி
27 அக்டோபர், காலை 8:15

அந்தப் பொறியாளர் எந்த ஊர் என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.